பழனி நடைக்கு வைக்கோல் செருப்பு: பின்னத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வேலந்தாவளத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியும், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாங்கள் இருப்பது வேலந்தாவளம் பக்கம். அப்பாவுக்கு 66 வயது. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடப்பார், பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழி, வெறுங்காலில். சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன தை நடையில் வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்து, அது புண்ணாகி, ஆறுவதற்குள் மாசி முடிந்து பங்குனி வந்துவிட்டது. இனிமேல் வெறுங்காலில் வாசற்படி தாண்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவோ, "செருப்புப் போட்டு நடக்கிறதுக்கு நான் பஸ்லயே போயிட்டு வந்துருவேன்" என்கிறார். பஸ்ஸிலும் போகமாட்டார், அது எங்களுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில் என் பையன் ஒரு வீடியோ காட்டினான். ஒரு ஜப்பான்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால் பெருவிரலிலும் வைக்கோல் கயிற்றை மாட்டி, அதையே தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் மாதிரி வைத்துச் செருப்பு பின்னுகிறார். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது செருப்பில்லயே, பிரி தானே" என்றார் (பிரி என்றால் வைக்கோல் கயிறு). அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரமாக நான் மல்லுக்கட்டுகிறேன்.

மாட்டுக்கு வாங்கிய ரோல் வைக்கோலைப் பிரித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரித்துப் பார்த்தேன். நாலு சுற்றுக்குள் டக் டக் என்று ஒடிகிறது. ஒடியாத தாள் ஒரு சாண்கூட இல்லை. எப்படியோ ஒட்டுப்போட்டு ஒரு செருப்பு மாதிரி கொண்டுவந்தேன், அம்மா அதைப் பார்த்துவிட்டு மோர்ப் பானைக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஊரில் முதல் போக அறுப்பு இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வைக்கோல் வேண்டும், எப்படிப் பதப்படுத்த வேண்டும், இது நடைக்குத் தாங்குமா, அப்புறம் சர்க்கரைக் காலுக்கு இது நல்லதா கெட்டதா, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

களத்துமேடு

அக்கா, தப்பா நினைக்காதீங்க. 150 ரூபாய்க்கு ரப்பர் செருப்பு கிடைக்கிற காலத்தில் எதுக்கு இந்தப் பாடு? வேண்டுதல் என்றால் வெறுங்கால், இல்லையென்றால் செருப்பு. நடுவில் வைக்கோலைச் சுற்றி முருகனை ஏமாற்ற முடியுமா?

கொல்லங்கோடு ரிட்டர்ன்

களத்துமேடு தம்பி, முருகன் விஷயத்தை அந்தப் பெரியவர் பார்த்துக்கொள்வார், நாம் வைக்கோலைப் பார்ப்போம்.

வேலை விஷயமாக எட்டு வருஷம் ஜப்பானில் இருந்தேன். அங்கே ஒரு குளிர்காலத்தில், கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் உட்கார்ந்து நாலு ஜோடி பின்னியிருக்கிறேன். முதல் ஜோடியில் ஒரு கால் எனக்கும் இன்னொரு கால் என் மகளுக்கும் பொருந்துகிற அளவில் வந்தது. அதனால் நிபுணன் என்று நினைத்துவிட வேண்டாம், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் வீடியோவில் பார்த்ததற்கு வராஜி என்று பெயர். கணுக்காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது, தூர நடைக்கானது. கட்டாமல், நம் செருப்பு மாதிரி விரலிடுக்கில் வார் வைத்து மாட்டிக்கொள்வது ஸோரி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நாலு கயிறு பாவு, நடுவில் குறுக்கே ஓட்டுகிற வைக்கோல் ஊடு.

உங்களுடைய பிரச்சினை பின்னலில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. அறுவடை மெஷினுக்குள் போய் வந்த தாள் டிரம்மில் அடிபட்டு நசுங்கி, நீளவாக்கில் கீறிப்போயிருக்கும். மெஷின் தூரை வயலிலேயே விட்டுவிட்டு மேலே அறுக்கும், அதனால் நீளமும் போச்சு. அதை எத்தனை நாள் ஊறப்போட்டாலும் கயிறு வராது. உங்களுக்குத் தேவை கையால் அடியோடு அறுத்து, கட்டாகக் கல்லிலோ பலகையிலோ அடித்து நெல் உதிர்த்த வைக்கோல். தாள் முழுசாக இருக்கும், தூரும் நுனியும் ஒரே பக்கமாக இருக்கும். அறுத்த பிறகு மழையில் நனைந்திருக்கவும் கூடாது. நம் பக்கம் ஐப்பசி மழையில் மாட்டி முதல் போக வைக்கோல் பாதிக்குக் கறுத்துப்போகும், கறுத்த தாள் கையிலேயே பொடியாகும். பொன்னிறத்தில் இருக்கிறதா, மோந்து பார்த்தால் பூஞ்சை வாடை இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

பதப்படுத்துவது இப்படி. ஒரு பிடி தாளை நுனியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூர்ப்பக்கம் ஒட்டியிருக்கிற சருகையெல்லாம் விரலால் கோதி எடுத்துவிட வேண்டும், நடுத்தாள் மட்டும் நிற்கும். ஊறப்போடாதீர்கள். அதுதான் நீங்கள் செய்த இரண்டாவது தப்பு. தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் போதும். காலையில் துணி துவைக்கிற கல்லில் போட்டுக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடியுங்கள். வைக்கோல் கட்டை உருட்டி உருட்டி, கணு இருக்கிற இடத்தில் கூடுதலாக. முதலில் சடசடவென்று சத்தம் கேட்கும், போகப் போக அந்தச் சத்தம் அடங்கிப் பொத் பொத் என்று பஞ்சு மூட்டையை அடிக்கிற மாதிரி ஆகும். அப்போது ஒரு தாளை எடுத்து விரலில் மோதிரம் மாதிரி சுற்றுங்கள், ஒடியாமல் சுற்றினால் தயார். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டி இந்த இடத்தில் மட்டும்தான் திட்டுவார், பின்னல் கோணலாக வந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

கயிறு பென்சில் கனம் இருந்தால் போதும். மும்மூன்று தாளாக இரண்டு இழை, இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஒரே வீச்சில் உருட்டினால், ஒவ்வொரு இழையும் ஒரு பக்கம் முறுக்கும், இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்கம் பின்னிக்கொள்ளும். இழை மெலிகிறது என்று தோன்றினால் உடனே புதுத் தாளை இடையில் செருகிவிடுங்கள், முடிகிறவரை காத்திருந்தால் அந்த இடத்தில்தான் அறும். கோயிலில் தொங்கவிடுகிற கயிற்றை மட்டும் அங்கே வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரிப்பார்கள், அதற்கும் காலில் போடுவதற்கும் கலந்துவிடக் கூடாதென்று.

அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரல்களில் கயிற்றை மாட்டி நாலு பாவு வரும்படி எடுத்து, முன்பக்கம் தொடங்கி, ஒன்றன் மேல், ஒன்றன் கீழ் என்று வைக்கோலை ஓட்டி, ஒவ்வொரு வரிசையையும் விரல் நுனியால் தன் பக்கமாக இழுத்து நெருக்க வேண்டும். நெருக்காவிட்டால் நாலே எட்டில் சல்லடை. பக்கத்துக்கு ஒரு காது, குதிகாலில் ஒரு காது விட்டு, நீளமாக நிற்கிற கயிற்றை அதில் கோத்துக் கணுக்காலில் கட்டுவது. இடது வலது வித்தியாசம் கிடையாது. கால்விரல் முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்குத்தான் நீளம், அது பிழை என்று நினைத்து நீட்டிவிடாதீர்கள், நீட்டினால் தடுக்கும்.

தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்காது. அந்தக் காலத்துப் பயணிகளுக்கே ஒரு ஜோடி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள் நடைதான். இடுப்பில் மாற்று ஜோடி கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள், வழிக் கடைகளிலும் வாங்குவார்கள். இரும்பு லாடம் வருவதற்கு முன்னால் குதிரைக்கே அங்கே வைக்கோல் செருப்புதான். தேய்ந்ததைக் கழற்றி எறிந்தால் அது வயலுக்கு எரு. நம் ஆட்கள் அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுகிற கணக்கே இங்கே செல்லாது. போடும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். பாசி பிடித்த ஆற்றுப் பாறையில் ரப்பர் வழுக்கும், இது வழுக்காது, அதற்காகவே அங்கே ஓடை ஏறுகிறவர்கள் இதைக் கட்டிக்கொள்வார்கள்.

டோக்கியோவில் அசகுசா என்ற இடத்தில் சென்சோஜி கோயில் இருக்கிறது. அதன் உள்வாசலின் பின்பக்கம் ஒரு ஜோடி வராஜி தொங்கும், ஒவ்வொன்றும் 4.5 மீட்டர் உயரம். யமகதா மாகாணத்து முரயாமா ஊர்க்காரர்கள் பின்னிக் கொடுக்கிறார்கள், சுமார் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதிது. இவ்வளவு பெரிய செருப்புப் போடுகிறவன் காவலுக்கு இருக்கிறான் என்று பேய் பயந்து ஓடுமாம். நம் ஊர்க் கருப்பசாமிக்கு ஆளுயரச் செருப்பு செய்து வைக்கிறோமே, அதைப் பார்த்த ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

கொல்லங்கோட்டுக்கு வந்தால் சொல்லுங்கள், கொட்டாப்புளி என்னிடம் இருக்கிறது.

ஹவில்தார் மாமா

ஜப்பான்வரை எதற்குப் போகிறீர்கள், நம் நாட்டிலேயே இருக்கிறது. நான் காஷ்மீரில் போஸ்டிங்கில் இருந்தபோது கிராமத்துப் பெரியவர் ஒருவர் பனியில் வைக்கோல் செருப்போடு நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். புல்ஹோர் என்பார்கள். நெல் வைக்கோலில் பின்னியது. காஷ்மீர் என்றால் ஆப்பிள், குங்குமப்பூ என்று மட்டும் நினைக்கிறோம், அவர்கள் நம்மைப் போலச் சோறு தின்கிறவர்கள், பள்ளத்தாக்கு முழுக்க நெல் வயல். எங்களிடம் சர்க்கார் கொடுத்த பூட்ஸ், உறைபனியில் ஆளுக்கு ஒருமுறையாவது விழுந்து எழுந்தோம். அந்தப் பெரியவர் கையில் காங்கிடியோடு (குளிர்காயும் கணப்புச் சட்டி) சர்வசாதாரணமாகப் போனார். "தோல் வழுக்கும், புல் பிடிக்கும்" என்றார். இப்போது ரப்பர் பூட்ஸ் வந்த பிறகு அங்கேயும் பின்னுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

குல்லு பக்கம் பூலா என்று ஒன்று உண்டு. அது கஞ்சாச் செடித் தண்டின் நாரில் பின்னுவது (பதற வேண்டாம், நார் மட்டும்தான்). மேலே ஆட்டு மயிரில் கலர் கலராக வேலைப்பாடு இருக்கும். தோல் சேராததால் அதைப் போட்டுக்கொண்டு கோயில் காரியத்துக்குப் போகலாம் என்பது அவர்கள் வழக்கம். வேலந்தாவளத்துப் பெரியவர் சொன்ன நியாயமும் அதே நியாயம்தான், பாருங்கள். 2022 ஜனவரியில் காசி விஸ்வநாதர் கோயிலில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பிரதமர் 100 ஜோடி சணல் செருப்பு அனுப்பினாரே, அதுவும் இதே காரணம். உள்ளே தோலும் ரப்பரும் ஆகாது, குளிரில் வெறுங்காலில் நின்று வேலை செய்தார்கள்.

அதனால் களத்துமேடு தம்பி, ஏமாற்றுகிறார்கள் கீமாற்றுகிறார்கள் என்று சொல்லாதே. ஊருக்கு ஊர் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

திருத்தணி ஷிப்ட்

கேள்விக்குச் சம்பந்தம் குறைவு, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்க்கிற இடத்தில் கொரியாக்காரர்கள் அதிகம். அவர்களும் வைக்கோல் செருப்புப் போட்டவர்கள்தான், ஜிப்சின் என்று பெயர். சணல் மாதிரி நாரில் நெருக்கமாகப் பின்னினால் அதற்கு மிதுரி என்று பெயர், கொஞ்சம் உசத்தி.

1998ல் ஆன்தோங் என்ற ஊரில் ஒரு பழைய கல்லறையை இடம் மாற்றத் தோண்டியபோது, 1586ல் இறந்த யி உங்தே என்பவரின் உடலோடு அவர் மனைவி எழுதிய கடிதம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு ஜோடி மிதுரி. நாரோடு மனைவி தன் தலைமுடியையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார். புருஷன் படுக்கையில் கிடக்கும்போது எழுந்து நடக்க வேண்டும் என்று பின்னியது. அவர் 31 வயதில் போய்விட்டார், செருப்பைப் போடவே இல்லை. எங்கள் சூப்பர்வைசர் இதை கேண்டீனில் சொன்ன அன்று யாரும் சாம்பார் இரண்டாம் முறை வாங்கவில்லை.

சரி, நீங்கள் தொடருங்கள்.

நைட் டூட்டி

டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன், அரைத் தூக்கத்தில் எழுதுகிறேன். நான் பாலக்காட்டில் நர்ஸ். சர்க்கரைக் கால் கட்டுப்போடுகிற ரூமில்தான் பாதி நாள் ஓடுகிறது.

அக்கா, பின்னுவது பிடித்திருந்தால் தாராளமாகப் பின்னுங்கள். ஆனால் அப்பா காலில் போட்டு நூறு கிலோமீட்டர் நடக்க விடாதீர்கள். கொப்புளம் வந்து பங்குனிவரை ஆறவில்லை என்றீர்களே, அப்போதே உணர்ச்சி குறைந்திருக்க வேண்டும். வலி தெரிந்திருந்தால் கொப்புளம் புண்ணாகும்வரை நடந்திருக்க மாட்டார். முதலில் பாதத்தில் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிற பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷம்தான் ஆகும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இழையை வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள்.

வைக்கோலில் என்ன பயம் என்றால், முறுக்கின கயிறு தோலை அறுக்கும், ஒடிந்த தாள் முனை ஊசி மாதிரி குத்தும், குத்தினது அவருக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்துப் போடச் சொல்கிறார் ஒரு அண்ணன், அது ஜப்பான் ஓடைக்குச் சரி. சர்க்கரைக்காரர் விரலிடுக்கில் நாள் முழுக்க ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், அது வழியாகத்தான் மற்றதெல்லாம் உள்ளே போகும். கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். பகல் தார்ரோட்டுச் சூடும் பெரிய வில்லன். பாதம் வெந்துபோய் வருகிறார்கள், கேட்டால் ஒன்றும் தெரியலையே சிஸ்டர் என்பார்கள்.

எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்னால் வார், விரலிடுக்கில் ஒன்றும் கிடையாது. தோல் இல்லாமலும் கிடைக்கும், அதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடைக்கு ஒரு மாதம் முன்பே போட்டுப் பழக வேண்டும், புதுசோடு கிளம்பக் கூடாது. தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பி, விரல் விரலாக டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தக் கூடாது, நடையும் அங்கேயே நிற்க வேண்டும்.

கோபமாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. நேற்று ராத்திரி ஒருவருக்கு விரல் போய்விட்டது.

குண்டாறு காற்று

செங்கோட்டையிலிருந்து. நர்ஸ் தங்கச்சி சொன்னதற்கு மேல் காலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் வைக்கோலைப் பற்றிச் சொல்கிறேன், அந்த வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கள் தாத்தா காலத்தில் விதைநெல்லைக் கோட்டை கட்டித்தான் வைப்பார்கள். தரையில் வைக்கோலைச் சக்கரம் மாதிரி பரப்பி, நடுவில் காய்ந்த நெல்லைக் கொட்டி, நாலு பக்கமும் தாளைத் தூக்கி மூடி, வைக்கோல் பிரியாலேயே சுற்றிச் சுற்றி இறுக்கி, மேலே சாணி மெழுகிவிடுவார்கள். மழைக்காலத்தில்கூட விதை நமுக்காது. அந்தக் கட்டை இறுக்குகிறபோது தாத்தா ஒரு காலால் கோட்டையை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிரியை இழுப்பார், பிரி முனகும், அறாது. அப்படிப்பட்ட பிரி திரித்தவர்களுக்குச் செருப்பு என்ன பெரிய வேலை? நமக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பனி இல்லை, குளிர் இல்லை. வயலில் சேறு, சேற்றில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். முள்ளுக் காட்டுக்குத் தோல் செருப்பு.

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை என்று சொல்வோமே, அந்தப் பழுதை இந்த வைக்கோல் பிரிதான். களத்தில் அந்தி நேரத்தில் கிடந்தால் சத்தியமாகச் சாரைப் பாம்பு மாதிரிதான் இருக்கும். இன்றைக்கு ஊரில் நைலான் கயிறு, அந்தப் பழமொழியைச் சொன்னால் என் பிள்ளைகள் பழுது என்றால் ரிப்பேரா என்கிறார்கள்.

அப்புறம் உங்கள் அம்மா முதல் செருப்பைப் பானைக்கு அடியில் வைத்ததாக எழுதியிருந்தீர்களே, அது நையாண்டி இல்லை, சரியான தீர்ப்பு. அவர்கள் கண்ணுக்கு அது பிரிமணை. திரித்து, வளைத்து, ஊடு ஓட்டுவது, இரண்டும் ஒரே கை வேலைதான்.

வைக்கோலுக்கு ஒரு வழி சொல்கிறேன். மெஷின் வருகிற வயலிலும் நாலு மூலையைக் கையால்தான் அறுப்பார்கள், வண்டி திரும்ப இடம் வேண்டுமே. சாய்ந்துபோன பயிரும், சேறு வற்றாத வாய்க்கால் ஓரமும் அப்படித்தான். அந்த மூலைக் கட்டை வரப்பில் போட்டிருப்பார்கள், மெஷின் வந்ததும் அதன் வாயில் கொடுத்து நெல் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் போய் நாலு கட்டு கேட்டு வாங்கி, நீங்களே பலகையில் அடித்து நெல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குட்டை ரகமாக இருந்தால் நீளம் போதாது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி பழைய நெட்டை ரகம் யாராவது இயற்கை விவசாயம் என்று போட்டிருந்தால் விடாதீர்கள், ஆள் மார்பு உயரத்துக்குத் தாள் வரும்.

கொல்லங்கோடு ரிட்டர்ன்

நைட் டூட்டி தங்கச்சி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, ஈர விஷயத்தை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். வேலந்தாவளத்து அக்கா, இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. ஜப்பானில் இப்போது வீட்டுக்குள் போட வைக்கோலுக்குப் பதில் பழைய துணியைக் கிழித்து இதே நாலு பாவில் பின்னுகிறார்கள், துணி ஸோரி. பழைய பருத்தி வேட்டி, சேலை நன்றாக வரும். மெத்தென்று இருக்கும், குத்தாது, துவைக்கலாம். கயிற்றை மட்டும் பருத்தியில் போட்டு, விரலிடுக்கு வாருக்குப் பதிலாக மேலே அகலமாக ஒரு துணிப்பட்டை வைத்துவிடுங்கள். ரோட்டுக்கு வேண்டாம், வீட்டுக்குள் போடட்டும்.

வேலந்தாவளத்துக்காரி

மூன்று வாரமாக வரமுடியவில்லை, மன்னிக்கவும். அறுப்பு, மழை, பையனுக்குப் பரீட்சை. நடந்ததைச் சொல்கிறேன்.

குண்டாறு அண்ணன் சொன்ன மாதிரி மூலைக் கட்டுக்கு அலைந்தேன். எங்கள் பக்கம் தென்னையும் காய்கறியும்தான் அதிகம், அதனால் சித்தூர் பக்கம் சித்தி வீட்டு வயலுக்குப் போய் மெஷின் வருவதற்கு முந்தின நாள் ஐந்து கட்டு வாங்கினேன். "செருப்புக்கா?" என்று சித்தப்பா மூன்று தடவை கேட்டார். இரண்டு கட்டு மழையில் மாட்டிக் கறுத்துவிட்டது, மூன்றைப் பரணில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் திரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி அரைமணி நேரம் இருந்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பிரி திரிக்கிறதுக்கு வீடியோவா?" என்று கையிலிருந்ததை வாங்கினார். எத்தனை வருஷம் கழித்துத் தொடுகிறாரோ தெரியாது. உள்ளங்கையில் இரண்டு தடவை எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார், அவ்வளவுதான், கயிறு அவர் மடியிலிருந்து பாம்பு மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. புதுத் தாள் செருகுகிற இடத்தைக் கண் பார்க்கவே இல்லை, கட்டைவிரலே கண்டுபிடித்துக்கொள்கிறது. நான் ஒரு முழம் திரிக்கிற நேரத்தில் அவர் பத்து முழம் திரித்துவிட்டு, "ஈரம் பத்தல" என்று என்னைக் குறை சொன்னார்.

பின்னினது நான்தான். பெருவிரலில் மாட்டி உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது, பையன் தன் காலைக் கொடுத்தான். ஒரு ஜோடிக்கு முழு நாள் ஆனது. இரண்டாவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரை நாளில் முடித்துவிட்டேன். பக்கக் காது மட்டும் இன்னும் ஒழுங்காக வரவில்லை.

தங்கச்சி, கோபப்படாதீங்க, அப்பா ஒரே ஒரு தடவை காலுறைக்கு மேல் போட்டுக்கொண்டு பால் சொசைட்டிவரை போய்வந்தார், போகும்போதும் வரும்போதும் காலைப் பார்த்துவிட்டேன். வரப்பில் நன்றாக இருந்ததாம், "பூமி தெரியுது" என்றார். தார்ரோட்டில் கால் மணி நேரத்துக்குள் குதிகால் பக்கம் தாடி வளர்ந்துவிட்டது. பழனிக்குப் போவதானால் ஒரு மாட்டுவண்டி நிறையச் செருப்பு ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வரவேண்டும் என்று அவரே சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் இளகினார் என்று நினைக்கிறேன். நைலான் இழைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இடது காலில் ஒரு இடம், வலது காலில் மூன்று இடம் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் தொட்டுக்கொண்டு இருக்கும்போதே அப்பா "ஆரம்பிங்க சார்" என்றார். வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. எம்.சி.ஆர். அன்றைக்கே வாங்கிவிட்டோம்.

இப்போதைக்கு ஒப்பந்தம் இது: டாக்டர் சரி என்றால் மட்டும் நடை, தினமும் விடிகாலையில் மட்டும், எம்.சி.ஆர். போட்டு. சண்முக நதியில் குளித்த பிறகு வெறுங்கால் என்கிறார். அங்கேதான் இன்னும் இழுபறி.

வைக்கோல் ஜோடி என்ன ஆச்சு என்றால், சொசைட்டியிலிருந்து வந்து திண்ணையோரம் கழற்றி வைத்தார், காபி குடித்துவிட்டுத் திரும்பினால் செவலை இடது காலைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஹவில்தார் மாமா

இடது வலது வித்தியாசம் இல்லை என்று கொல்லங்கோட்டுக்காரர் சொன்னாரே, மாட்டுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது!

நைட் டூட்டி

கோபம் இல்லை அக்கா, பரிசோதனைக்குக் கூட்டிப்போனீர்களே, அது போதும். சண்முக நதியிலிருந்தும் வெறுங்கால் வேண்டாம். கொல்லங்கோடு அண்ணன் சொன்ன துணிச் செருப்பை அந்தக் கடைசித் தூரத்துக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள், அடியில் மெல்லிய ரப்பர் தகடு தைத்து, விடியும் முன்பே நடந்து முடிக்கிற மாதிரி. அப்பாவின் பழைய வேட்டியிலேயே பின்னினால் ஒருவேளை ஒத்துக்கொள்வார்.

வேலந்தாவளத்துக்காரி

வேட்டி கிழிக்க ஆரம்பித்துவிட்டேன், கயிறு அவரே திரிக்கிறேன் என்கிறார். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். செவலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.